ஏழாவது கம்பத்துக்கு அப்பால்

ஒருவனைப் பனிச்சரிவுக்குள் நான் அனுப்பினேன். முன்னால் இருக்கும் சரிவுக்கு நான் ஏற்கெனவே போய் வந்திருக்கிறேனா என்று அவன் கேட்டான். "ஓம்" என்றேன். போயிருக்கவில்லை.

இந்தத் தொடரில் சிட்னி வாழ்க்கையைப் பற்றிப் பல வாரங்களாக எழுதி வருகிறேன். வாடகை வீடு தேடி அலைந்தது, கறிவேப்பிலை இல்லாமல் சமைத்தது, ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது எல்லாம் எழுதியாயிற்று. மெரிலேண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் பனிமலையில் அளவை வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?"

ஏனென்று மேலே எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலை எனக்கு இப்போதும் துண்டு துண்டாகத் தெரிகிறது. எழுபதுகளின் நடுப்பகுதி, ஓகஸ்ட் மாதம், அவுஸ்திரேலியக் குளிர்காலத்தின் உச்சம். கோசியஸ்கோ மலைத்தொடரில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, செம்மஞ்சள் நிறம் பூசிய ஓர் இரும்புக் கம்பத்தின் அருகே நானும் ராசேந்திரமும் நிற்கிறோம். வானம் அடித்துத் துவைத்த துணிபோல நீலம். காற்றில்லை. ஆனால் காற்றில் பொடிப்பொடியாக ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. மூச்சுவிட்டால் அந்த மூச்சும் மின்னியது.

"அண்ணை, இதைப் பாத்தபிறகு ஆரும் கோயிலுக்குப் போவினமே?" என்றான் ராசேந்திரம்.

"கொம்மாவுக்கு எழுதிப் போடு. அடுத்த கப்பலிலை வந்து காதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவா."

அவன் சிரித்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையுறையால் துடைத்தான். எங்களுக்கு முன்னே எட்டாவது கம்பம், அதற்கப்பால் ஒன்பது, பத்து. மூன்றும் ஒரு சரிவின் குறுக்கே நின்றன. சரிவின் தலைமாட்டில், மேற்கிலிருந்து வாரக்கணக்கில் அடித்த காற்று பனியைக் கொண்டுவந்து அடுக்கி, தாழ்வாரம்போல வெளியே நீட்டி வைத்திருந்தது. அதன் அடிப்பக்கம் நீலமாக இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பனியை நிறுப்பது

எங்கள் உத்தியோகத்தை ஊருக்கு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நாங்கள் பனியை நிறுத்தோம்.

வசந்தத்தில் உருகும் பனிதான் கீழே அணைகளுக்கு வரும் தண்ணீர். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். அதற்காக மலையில் ஒரு பாதை நெடுகப் பத்துக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஓர் அலுமினியக் குழாயைப் பனிக்குள் மண் தட்டும்வரை இறக்குவோம். ஆழத்தை வாசிப்போம். குழாயை உள்ளிருக்கும் பனியோடு வெளியே எடுத்து விற்றராசில் தொங்கவிடுவோம். வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் அந்த இடத்துப் பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று வந்துவிடும்.

படிவத்தில் கடைசியாக ஒரு நிரல் இருந்தது: "குறிப்புகள்". பனி எப்படி அடுக்கடுக்காக இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்வாக இருக்கிறது என்று அதில் எழுதவேண்டும். அடுத்து வருகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் சரிவில் கால்வைப்பான்.

எனக்கு இதைப் பழக்கியவர் யோசெப், ஸ்லொவீனியாக்காரர். உலகப்போர் முடிந்ததும் வந்து, மலைக்கடியில் சுரங்கம் தோண்டி, பிறகு அளவைப் பிரிவுக்கு மாறியவர். கடைசி மூன்று கம்பங்களையும் அவருக்குப் பிடிக்காது. "இதுகளை நட்டவன் கோடையில் நட்டிருக்கிறான். புல்லைப் பார்த்து நட்டிருக்கிறான்" என்று ஒவ்வொரு முறையும் திட்டுவார்.

முதல் குளிர்காலம் முழுவதும் நான் விழுந்தேன். ஸ்கீ என்ற நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு நிற்பதே பெரும்பாடு. ராசேந்திரம் எனக்கு அடுத்த வருடம் வந்தவன். இருபத்தாறு வயது, கொழும்பில் தொழில்நுட்பம் படித்தவன், தகுதிகாண் காலத்தில் இருந்தவன். அவன் மூன்றாம் வாரத்திலேயே மரங்களுக்கிடையில் வளைந்து வளைந்து போனான். பனிக்கென்றே பிறந்தவன்போல இருந்தான். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

நேர்கோடு

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். என் பிழை மலையில் முளைத்ததல்ல, யாழ்ப்பாணத்தில் ஒரு பௌதிக ஆய்வுகூடத்தில் முளைத்தது.

எங்கள் தலைமுறையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இது தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள். ஊசலை ஆட்டி நேரம் எடுக்கச் சொல்வார்கள். பத்து வாசிப்பு எடுத்து வரைபில் குறித்தால் நேர்கோடு வரவேண்டும். எடுத்தால் வராது. யாரோ மேசையைத் தட்டுவான், நூல் நழுவும், மணி அடித்துவிடும். ஆகவே நாங்கள் நான்கு வாசிப்பை எடுப்போம். விடை என்னவென்று ஏற்கெனவே தெரியும். மீதி ஆறையும் கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப்பார்த்து எழுதுவோம். கெட்டிக்காரன் இரண்டு புள்ளிகளைக் கோட்டுக்கு மயிரிழை வெளியே தள்ளிவைப்பான், உண்மைபோல இருக்கட்டும் என்று.

நான் கெட்டிக்காரன். பரிசோதனைக் கொப்பி முழுவதும் "மிக நன்று".

வெற்றிடம் விட்டால் பரீட்சையில் புள்ளி குறையும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. "எடுக்கவில்லை" என்று எழுதுவதும் ஒரு வாசிப்புத்தான் என்று எவரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விடயம்.

மலை அமர்ந்த சத்தம்

ராசேந்திரத்தோடு நின்ற அந்தக் காலைக்கு இரண்டு வாரம் முன்பு, நானும் யோசெப்பும் மலையிலிருந்த அளவைக் குடிலில் தங்கியிருந்தோம். அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"நீ தனியாகப் போ. ஆனால் ஏழோடு திரும்பு" என்றார். "மீதி மூன்றுக்கும் எடுக்கவில்லை என்று எழுது. யாரும் தின்றுவிடமாட்டார்கள்."

போனேன். ஆறு கம்பங்கள் பிரச்சினையில்லாமல் முடிந்தன. ஏழாவதில் குழாயை இறக்கியபோது நடுவில் கண்ணாடியில் தட்டியதுபோல ஒரு தடை. முன்பு ஒருநாள் மழை பெய்து உறைந்த தகடு. அதை உடைத்ததும் குழாய் சட்டென்று கீழே ஓடியது, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல. வெளியே எடுத்தால் அடிப்பகுதிப் பனி குழாயில் நிற்கவில்லை. என் கையுறையில் கொட்டியது. ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள், பெரிய சீனிபோல. விரலிடுக்கால் வழிந்து போயின. பிடிப்பில்லாத இந்த மணிகளின்மேல்தான் சரிவின் பனி முழுவதும் கிடந்தது.

எட்டாவதை நோக்கி ஓர் அடி வைத்தேன்.

அப்போது மலை ஒரு சத்தம் போட்டது. வெடிச் சத்தமில்லை. நெல்மூட்டைகள் அடுக்கிய பெரிய களஞ்சியம் ஒன்று மொத்தமாக ஓர் அங்குலம் கீழே அமர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. சத்தம் என் காலடியில் தொடங்கி, சரிவு முழுக்க ஓடி, தூரத்துப் பாறையடியில் போய் அடங்கியது. நான் நின்ற நிலமும் என்னோடு சேர்ந்து இறங்கியது. எனக்குக் கீழே ஏதோ படுத்திருந்து, நான் மிதித்ததும் புரண்டு படுத்ததாகத் தோன்றியது.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பணிவு. என்னையறியாமல் கைகூப்பி நின்றேன். பிறகு என் சுவட்டிலேயே கால்வைத்து, மெல்ல மெல்லப் பின்வாங்கினேன்.

குடிலுக்குப் பாதிவழியில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்தப் பிரிவில் வேலைசெய்த முதல் கறுப்புத்தோல்காரன் நான்தான். பயந்து திரும்பிவிட்டான் என்று சிரிப்பார்கள் என நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. நானே நினைத்தேன்.

பென்சில் தானாக ஓடியது. முந்தைய வருட வாசிப்புகள் எனக்கு மனப்பாடம். எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றை மயிரிழை கூட்டிவைத்தேன். சரிவைக் கடக்க எடுத்த நேரத்தையும் எழுதினேன். சத்தத்தைப் பற்றி எழுதினால் எப்படிக் கடந்தாய் என்று கேட்பார்களே? ஆகவே குறிப்புகளில், "அடிவரை இறுகியுள்ளது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

யோசெப்பிடம், "பனி நன்றாயிருந்தது, முடித்துவிட்டேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

அலுவலகத்தில் மேலதிகாரி தாளைப் பார்த்துப் பாராட்டினார். அவ்வளவு ஒழுங்கான தாளை அந்தக் குளிர்காலத்தில் அவர் கண்டதில்லையாம்.

"ஓம்"

இரண்டு வாரம் கழித்து, யோசெப்பின் முழங்கால் இன்னும் ஆறாததால், ராசேந்திரத்தை என்னோடு அனுப்பினார்கள். நடுவில் புதுப்பனி கொட்டியிருந்தது, மேற்குக் காற்றும் அடித்திருந்தது.

ஏழாவது கம்பத்தில் குழாயை அவன் இறக்கப்போனபோது, "அதை நான் பாக்கிறன்" என்று வாங்கிக்கொண்டேன். தகடு வரை இறக்கி, மண் தட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு எடுத்தேன். அடியிலிருக்கும் சீனியை அவன் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"மிச்ச மூண்டையும் இண்டைக்கு விடுவமே? பசிக்குது" என்றேன்.

"என்ன அண்ணை பகிடியே? பத்து நிமிச வேலை. உங்கடை தாளிலையே அப்பிடித்தானே கிடக்கு." சரிவைக் கண்ணால் அளந்தான். "போனமுறை நீங்கள் குறுக்காலை போனனீங்கள்தானே?"

"ஓம்."

"அடி இறுக்கம்தானே?"

"ஓம்."

"அப்ப சரி. நான் முன்னுக்குப் போறன். நான் அங்காலை போய்க் கைகாட்டினாப்பிறகு நீங்கள் வாங்கோ. போட்டு வாறன்."

புறப்பட்டுப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்பார்கள் எங்கள் ஆட்கள். அந்த நொடியில் எனக்கு அது எவ்வளவு வசதியாக ஞாபகம் வந்தது! வாயைத் திறந்தேன். மூடினேன்.

அவன் கம்பங்களின் நேர்வரிசையிலேயே போனான். ஓர் அடிகூட மேலே ஏறவில்லை. எட்டாவது கம்பத்துக்குக் கையை நீட்டினான்.

மலை மறுபடியும் அமர்ந்தது. இம்முறை நிற்கவில்லை.

அவனுக்கு மேலே, தாழ்வாரத்தின் அடியில், வெள்ளையில் ஒரு கோடு தோன்றியது. கரித்துண்டால் யாரோ கீறியதுபோல. அது ஓடிய வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை. பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த முழுச் சரிவும், ஒரே பலகையாக, சத்தமில்லாமல் நகர்ந்தது. ராசேந்திரம் அதன்மேல் நேராக நின்றுகொண்டே போனான். ஒரு நொடிக்கு அது அழகாக இருந்தது. இதை அவனிடமும் பிறகு சொன்னேன். அடுத்த நொடி பலகை உடைந்தது. அறையளவு, வீட்டளவு துண்டுகள். அப்போதுதான் இரைச்சல் வந்தது. காற்று என்னைத் தள்ளி உட்காரவைத்தது. வெள்ளைப் புழுதி எழுந்து சூரியனை மறைத்தது.

புழுதி அடங்கியபோது சரிவு கழுவிவிட்டதுபோல இருந்தது. கீழே கல்லுக்குவியல்போலப் பனி. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, மலை எதுவும் நடக்காததுபோல நின்றது. வானம் அதே நீலம்.

"ராசன்! ராசன்!"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஓடியபோது பொடியாக இருந்த பனி நின்றதும் சீமெந்தாகியிருந்தது. ஒரு ஸ்கீயின் முனை மட்டும் வெளியே தெரிந்தது. அதைத் தோண்டினேன், அவன் காலோடு இல்லை, கழன்று வந்த ஸ்கீ. என்னிடமிருந்த அளவைக் குழாயின், பனியை வெட்டும் பற்கள் உள்ள முனையை மேலே திருப்பி, மறுமுனையால் பனியைக் குத்திக் குத்தித் தேடினேன். கடினம். கடினம். கடினம். ஓரிடத்தில் குழாய் மெத்தென்று நின்றது.

மனித உடம்பில் தட்டும்போது வரும் அந்த மென்மையை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை.

ஸ்கீயாலும் கையாலும் கிண்டினேன். முதலில் சட்டைக் கழுத்து, பிறகு முகம். நீலம் பாரித்திருந்தது. வாய் நிறையப் பனி. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவன் இருமினான். அந்த ஓர் இருமலுக்கு ஈடாக என்னிடமிருந்த எதையும் கொடுத்திருப்பேன். என்னிடம் கொடுக்கக்கூடியதாக இருந்தது உண்மை ஒன்றுதான். அதைக் கொடுக்கவில்லை.

அறிக்கை

தொடையெலும்பு இரண்டிடத்தில் முறிந்திருந்தது. தலையில் அடி. அந்தக் காலை முழுவதும் அவன் நினைவிலிருந்து போய்விட்டது.

மேலதிகாரி என் பழைய தாளை மேசையில் வைத்தார். "இதன்படி அந்தச் சரிவில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அவன் வரிசையை விட்டு மேலே ஏறி, தாழ்வாரத்தின் கீழே போயிருக்கவேண்டும். போனானா?"

"நான் கவனிக்கவில்லை" என்றேன்.

இது இரண்டாவது பொய். முதலாவதைப் பயத்தில் சொன்னேன். இதை நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பி குடித்துக்கொண்டு சொன்னேன்.

குறித்த பாதையை விட்டு விலகியது, அனுபவக்குறைவு, கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. தகுதிகாண் காலத்தின் முடிவில் அவனை வேலையில் நிரந்தரமாக்கவில்லை. அவன் மெல்பேர்னுக்குப் போய், டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். ஒரு கால் குட்டையாகிவிட்டது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் வாழ்த்து அனுப்பினான். "அன்று என்னைத் தோண்டி எடுத்த அண்ணைக்கு" என்று மேலே எழுதியிருக்கும்.

அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

ஸ்பிரிங்வேலில் ஒரு சனிக்கிழமை

எழுபதுகள் முடியும் தறுவாயில், ஒரு குளிர்காலத் தொடக்கத்தில், புது வாக்குமூலம் ஒன்றை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஏழாவது கம்பத்தில் கண்டது, கேட்ட சத்தம், எடுக்காத மூன்று வாசிப்புகள், சொன்ன இரண்டு பொய்கள், ராசேந்திரம் வரிசையிலேயே போனது. அவர் இரண்டுதரம் படித்தார். "இத்தனை வருடம் கழித்தா?" என்றார். அறிக்கையோடு ஒரு திருத்தத்தாளை இணைத்தார்கள். என்னைப் பதவி விலகச் சொன்னார்கள். விலகினேன்.

திருத்தத்தாளுக்கும் என் பழைய தாளுக்கும் பிரதி எடுத்துக்கொண்டு மெல்பேர்னுக்கு ரயிலேறினேன். ஸ்பிரிங்வேலில் கடைத்தெருவுக்குப் பின்னால் சிறிய வீடு. ராசேந்திரம் வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மகேஸ், ஆர் வந்திருக்கிறது எண்டு பாரும்! நான் சொல்லுற அண்ணை!"

அவன் மனைவி மகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கோப்பையைத் தொடவில்லை. தாளை நீட்டாமல் வாயாலேயே சொன்னேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை.

அவன் தன் குட்டைக் காலைக் கையால் தடவினான்.

"அப்ப... நான் மேலை ஏறேல்லை?"

"இல்லை. ஓர் அடிகூட ஏறேல்லை."

"மெய்யாத்தானே சொல்லுறியள்?"

"மெய்யா."

"எத்தினை தரம் யோசிச்சிருப்பன் தெரியுமே? ஏனடா ஏறினனீ, என்ன விசரிலை ஏறினனீ எண்டு. என்ரை கண்ணையே நான் நம்பாமல் விட்டிட்டன், அண்ணை. ரோட்டைக் கடக்கவும் மகேசைக் கேட்டுத்தான் கடக்கிறன்." அவன் என் பக்கம் குனிந்தான். "அந்தச் சீனி எப்பிடி இருந்தது? சொல்லுங்கோ. எவ்வளவு தடிப்பு?"

விரலால் காட்டினேன். அவன் இன்னும் கேட்டான். தகட்டின் ஆழம், சத்தம் ஓடிய திசை. என் மேலிருந்த கோபத்தைவிட அந்தப் பனியைப் பற்றிய ஆசை பெரிதாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும்தான் கோபம் வந்தது.

"இனிப் போங்கோ" என்றான். பிரதிகளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மகேஸ்வரி என் முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தேநீரைத் தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது தொலைபேசி வந்தது. சுகம் விசாரிக்கவில்லை. "இஞ்சை மலையேறுற கழகம் ஒண்டிலை பனிச்சரிவைப் பற்றி வகுப்பு எடுக்கிறன். உங்கடை திருத்தத்தாளைக் காட்டினாப்பிறகுதான் என்னைச் சேர்த்தவை. ஞாயிறு ரெண்டு மணிக்கு. அந்தப் பழைய தாளைச் சுவரிலை போடப்போறன். ஆர் எழுதினது எண்டு கேப்பினம். நீங்கள் எழும்பி நிக்கவேணும்."

போனேன். மண்டபத்தில் நாற்பது பேர்வரை இருந்தார்கள். வாரவிடுமுறையில் ஸ்கீ கட்டிக்கொண்டு விக்ரோரிய மலைகளுக்குப் போகும் ஆண்களும் பெண்களும். ராசேந்திரம் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, மலை எப்படி அமர்கிறது என்று விளக்கினான். நான் முப்பது வருடம் எழுதினாலும் அப்படி எழுதமுடியாது. மண்டபம் மூச்சுவிடாமல் கேட்டது. பிறகு என் தாளைக் காட்டினான்.

"யார் எழுதியது?" என்று ஒருவர் கேட்டார்.

எழுந்து நின்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின.

முன்வரிசையில் ஒரு பெண், கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள்: "அந்த மூன்று கட்டங்களையும் வெறுமையாக விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"ஒன்றும் நடந்திருக்காது" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் ராசேந்திரம் தாள்களைச் சுருட்டியபடி என் முகத்தைப் பாராமல் சொன்னான்: "வாற வருசமும் வாங்கோ. வீட்டை வரவேண்டாம். மகேசாலை உங்களைப் பாக்க ஏலாது."

"உன்னாலை?"

அவன் தாள்களைக் கக்கத்தில் இடுக்கினான். தடியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

அவன் கூப்பிட்ட ஒவ்வொரு வருடமும் போனேன். பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றேன். வீட்டுக்குப் போகவில்லை.